கையை வீசிக்கிட்டு வாங்க

பொழைக்கத் தெரியாத பொம்பளை. அவரைப் பற்றி ஊரில் இப்படித்தான் பேசினார்கள். டீக்கடையில் பேசினார்கள், செம்புக் கம்பி விற்கும் கடையில் பேசினார்கள், எங்கள் வீட்டில் என் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். நான் அந்தப் பொம்பளையிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். அவர் எப்படிப் பிழைத்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள். அந்தப் பேச்சு தப்பு என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் அப்போது மோட்டார் காயில் கட்டும் கடைகள் வரிசையாக இருந்தன. கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் தண்ணீரை இறைத்துவிட வேண்டும் என்று விவசாயிகள் மோட்டாரைப் போட்டு வதைப்பார்கள். மூன்று ஃபேஸில் ஒன்று வராவிட்டாலும் கண்டன்சர் மாட்டி இரண்டிலேயே ஓட்டுவார்கள். மோட்டார் புகைந்து நின்றுவிடும். அதைக் கழற்றி மாட்டு வண்டியிலோ பஸ் கூரையிலோ ஏற்றிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வருவார்கள். கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த வரிசையில் ஒரு பெண் நடத்திய கடை அது ஒன்றுதான்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். கோயில் டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரை எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், பாதி வெளிச்சத்தை உபயதாரரே தின்றுவிட்டார் என்று நின்று சிரிக்கிற ஆள். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம், வருகிறவர்கள் கடைக்காரம்மா என்றார்கள். நாற்பதைத் தாண்டிய வயது. ஆள் குட்டை, குரல் மட்டும் ரோட்டைத் தாண்டிக் கேட்கும். சுங்குடிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வார்னிஷ் டின் மேல் உட்கார்ந்திருப்பார். அவருடைய கணவர் எங்கே போனார் என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் இருந்தன. மஸ்கட், இன்னொரு குடும்பம், சாமியார். மூன்றில் எதையும் அவர் மறுத்ததில்லை.

“உங்களுக்கு எது புடிக்குதோ அத வச்சுக்கங்க” என்பார்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டு வேலை தேடியபோது எனக்குக் கிடைத்த பதில்களை வகை பிரிக்கலாம். ஆபீஸ் வேலை ஏதும் இல்லையேம்மா என்பது ஒன்று. கல்யாணம் ஆனால் போய்விடுவீர்கள் என்பது இன்னொன்று. என்னைப் பார்க்காமல் என் அப்பாவிடமே பேசி அனுப்பிவிடுவது மூன்றாவது. இந்த வகைகளில் எதிலும் அக்கா அடங்கவில்லை.

“மோட்டார் தூக்குவியா?”

“தனியா முடியாது. இன்னொரு ஆள் புடிச்சா தூக்குவேன்.”

“நெசத்தச் சொல்றே. நாளைக்கு வா.”

மறுநாளிலிருந்து என் பெயர் டிப்ளமா. ஏ டிப்ளமா, மெக்கர எடு. ஏ டிப்ளமா, இந்தாளு ரெண்டு ஃபேஸ்ல ஓட்டலன்னு சாதிக்கிறாரு, பிரிச்சு அவரு மூஞ்சிக்கு நேரா காட்டு. பிரித்துக் காட்டுவேன். ஒரு பக்கத்துக் காயில்கள் மட்டும் கரிக்கட்டையாக இருக்கும், மற்றவை புதுசு மாதிரி இருக்கும். வந்தவர் தலையைச் சொறிவார். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அவர் சாந்தமான ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கம்பிக் கடைக்காரரிடம் எடைக்காக மல்லுக்கு நிற்பார். காயில் கூலியில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது இழுத்தால், “கொறைக்கிற கடைக்குப் போங்க, அங்க கம்பியையும் கொறைப்பாக” என்று துரத்துவார். எங்கள் சம்பளம் சனிக்கிழமை தவறியதில்லை. பிழைக்கத் தெரியாதவர் செய்கிற காரியங்களா இவை?

ஊர் அப்படிப் பேசியதற்குக் காரணம் கடையின் வாசலோரம் நின்ற ஒரு பச்சை மோட்டார். மாத்து மோட்டார் என்று அதற்குப் பெயர். எரிந்த மோட்டார் சரியாகி வரும்வரை பயிர் காயாமல் இருக்க, கேட்டவருக்கு அக்கா அதைக் கொடுத்தனுப்புவார். வாடகை கிடையாது. ஈடாக எதுவும் வைக்க வேண்டாம். எங்கள் கடையில்தான் காயில் கட்ட வேண்டும் என்றும் கிடையாது; அடுத்த கடையில் மோட்டாரை விட்டுவிட்டு வந்து கேட்டாலும் எடுத்துப் போகலாம். “ரெண்டு ஃபேஸ்ல ஓட்டுனே, கைய ஒடிச்சிருவேன்” என்று சொல்லி அனுப்புவார். ஓட்டுவார்கள். எரிப்பார்கள். அக்கா அவர்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டு, மறுபடி காயில் கட்ட வைத்து அதே இடத்தில் நிறுத்துவார். அந்த மோட்டாருக்கு ஏதாவது ஒரு விலையோ நிபந்தனையோ வைக்கச் செய்துவிட வேண்டும் என்று ஒரு தெருவே முயன்றது. நான் சொல்ல வந்தது அந்தக் கதை.

தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருமுறை ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அளந்து பேசுகிற ஆள். அவர் மோட்டார் தயாராகச் சில நாள் ஆகும் என்றதும் அக்கா மாத்து மோட்டாரைக் காட்டினார்.

“ஏனுங்க, இதுக்கு வாடகை எவ்வளவுங்க?”

“வாடகையெல்லாம் இல்ல. தூக்கிட்டுப் போங்க.”

“அப்படிங்களா. அட்வான்ஸ் ஏதாச்சும் வெக்கோணுங்களா?”

“வேணாம்.”

“அப்புறம் எதுக்குங்க குடுக்கறீங்க?”

“தண்ணி பாய்ச்சத்தான். வேற எதுக்கு, மாவாட்டவா?”

அவர் போய் டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். மோட்டாரைச் சுற்றி வந்தார், விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, நீங்க படிச்சவிங்க. இதுல கோளாறு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

நான் கரண்ட் கசிவைச் சோதிக்கும் மெக்கரை வைத்துச் சுற்றி முள்ளைக் காட்டினேன். மோட்டாரில் ஒன்றும் இல்லை என்றேன்.

“அப்ப அந்தம்மாளுக்குத்தான் கோளாறுங்களா?”

அக்காவின் சிரிப்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவரும் சிரித்துவிட்டு மோட்டாரை வண்டியில் ஏற்றினார். ஆனாலும் போகிற வரையில் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே யாராவது ஓடி வந்து நிபந்தனையைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்.

கடைக்குப் பின்புறம்தான் அக்காவின் வீடு. பக்கத்து வீட்டில் தோல் வியாபாரம் செய்யும் ராவுத்தர் குடும்பம். அந்த வீட்டம்மா நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் சுவருக்கு மேலே நீட்டுவார். எங்கள் பக்கத்தில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது வழக்கமில்லை. கொஞ்சம் சீனியாவது ஒரு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அக்கா வெறும் சட்டியையே நீட்டுவார். அதையும் சில நாள் கழுவாமல் நீட்டுவார்.

“என்னத்தா, வெறுஞ்சட்டியக் குடுக்குறே. கொஞ்சம் சீனி போட்டா குறைஞ்சா போயிருவே?” என்று அந்தம்மா ஒருநாள் கேட்டே விட்டார்.

“நீ குடுத்தது பிரியாணி. நான் சீனி போட்டா அது யாவாரமாயிரும். அப்புறம் என் சீனிக்கு நீ கறி போடுவே, உன் கறிக்கு நான் என்னத்தப் போடுறதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கணும். எனக்கு எதுக்கு அந்த வம்பு? பிரியாணி நல்லா இருந்துச்சு. உப்புதான் ஒரு கல்லு கம்மி.”

“வாய்க்கொழுப்பப் பாரு. சட்டியவாச்சும் கழுவிக் குடு.”

“அது சரி. அது ஞாயம்.”

அந்தம்மா அதற்குப் பிறகும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். சட்டி வெறும் சட்டியாகவே திரும்பிப் போனது. கொடுக்க மட்டுமே தெரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் உடம்பு கூசும், உடனே எதையாவது திருப்பித் தந்து தப்பிக்கப் பார்ப்பார்கள். கூசாமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆளாக நான் கண்டது அக்காவைத்தான்.

விவசாயிகள் கொண்டு வந்ததையும் அவர் முதலில் இப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். மாத்து மோட்டாரைத் திருப்பிக் கொண்டு வரும்போது முருங்கைக்காய் வரும், சின்ன வெங்காயம் வரும், தக்காளி வரும். எங்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிடுவார். பல நாள் எங்கள் வீட்டு வெஞ்சனம் அப்படி வந்ததுதான். அது ஒரு கோழியோடு நின்றது.

சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். வெயிலில் நடந்து வந்த முகம்.

“என்னத்தா, கோழியும் கையுமா?”

“வச்சுக்கங்கக்கா. மோட்டாரு ஒண்ணு எரவலாக் குடுப்பீகன்னு சொன்னாக.”

“குடுப்பேன். அதுக்குக் கோழி எதுக்கு?”

“எல்லாரும் கொண்டாராகள்ல. முந்தாநேத்து வந்தேன். ஒருத்தரு கூடை நெறையத் தக்காளிய எறக்கிட்டு இருந்தாரு. நான் கைய வீசிக்கிட்டு எப்பிடி உள்ள வாரது? அந்தப் பக்கம் சைக்கிள் கடையோரமா நின்னு பாத்துட்டுப் போயிட்டேன். இது பக்கத்து வீட்டுல கேட்டு வாங்குனது.”

“முந்தாநேத்தே வந்தியா?”

“ஆமக்கா.”

“கத்திரி போட்டிருக்கியா? வெண்டையா?”

“கத்திரி.”

“செடி எப்படி இருக்கு?”

அவள் கோழியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். “பாதி போச்சுக்கா.”

அக்கா எழுந்தார். மூலையில் அந்தத் தக்காளிக் கூடை பாதி மீதமிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடை வாசலில் வைத்தார். யாருக்கு வேண்டுமோ அள்ளிக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வந்து, கடைக்குள் இருந்த எங்களையும் காயிலுக்காகக் காத்திருந்த நாலு விவசாயிகளையும் சேர்த்துப் பார்த்துக் கத்தினார்.

“இனிமே இந்தக் கடைக்கு எவனும் ஒண்ணும் கொண்டாரக் கூடாது. முருங்கைக்காயும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். கைய வீசிக்கிட்டு வாரதா இருந்தா வாங்க. இல்லாட்டி வராதீக.”

எங்கள் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு வருவது என்பது வசவு. கல்யாண வீட்டுக்கு மொய் இல்லாமல் வருகிறவன், சீக்காளியைப் பார்க்கப் பழம் வாங்காமல் வருகிறவன், இவர்களைச் சொல்கிற சொல். அதையே கடைக்குச் சட்டமாக்கிவிட்டார். அந்தப் பெண்ணுடன் மாத்து மோட்டாரையும் கோழியையும் வத்தலகுண்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவதற்குள் கோழி கையிலிருந்து நழுவி வார்னிஷ் டின்களுக்குள் புகுந்துவிட்டது. ஆளாளுக்கு விரட்டினோம். கடைசியில் அக்காதான் பிடித்தார். வாலில் வார்னிஷ் ஒட்டியபடி அது ஊருக்குத் திரும்பியது.

சட்டம் போட்டால் உடனே கேட்டுவிடுவார்களா? சும்மா வாங்கிக்கொள்வது எங்கள் ஆட்களுக்கு வலிக்கும். ஒருவர் முருங்கைக்காய்க் கட்டைக் கதவுக் கொண்டியில் தொங்கவிட்டு ஓடினார். அக்கா அதை எடுத்துப் போய் அவர் ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இன்னொருவர் பூப்பொட்டலத்தை மோட்டாரின் மூடிக்குள் ஒளித்து வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். நான் மூடியைக் கழற்றியபோது மல்லிகை விழுந்தது. அக்கா அவரை நேரில் பிடித்து, காயிலுக்குள் பூ வைக்கிற புத்தியை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார் என்று ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். மெல்ல மெல்லத்தான் கைகள் வெறுமையாயின. வெறுங்கையோடு வந்தவர்கள் கூடுதலாக வந்தார்கள்.

இங்கேதான் தெரு விழித்துக்கொண்டது. எங்கள் வரிசையில் பெரிய கடை வைத்திருந்த ஒருவர் தன்னைச் சங்கத் தலைவர் என்று சொல்லிக்கொள்வார். சங்கம் என்று ஒன்று இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு காலைநேரம் அவர் சலவைச் சட்டையோடு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, என் கடையில கெடக்குற மோட்டாருக்கு நீ எதுக்கு மாத்து குடுக்குறே? என் பார்ட்டிய இழுக்கப் பாக்குறியா?”

“இழுக்கலண்ணே. உங்க கடையிலயே கட்டட்டும். அதுவரைக்கும் அவன் வெங்காயம் சும்மா இருக்குமா?”

“அப்ப வாடகைன்னு ஒண்ணு போடு. பேருக்காவது போடு. நீ சும்மா குடுத்தா நாங்கள்லாம் கொள்ளைக்காரனாட்டம் தெரியுறோம்.”

“அதுக்கு நான் என்ன பண்ண? நீங்களும் ஒண்ண வாங்கிச் சும்மா குடுங்க. ரெண்டு பேரும் சேந்து நல்லவகளாத் தெரிவோம்.”

“வெளாட்டு இல்ல. யாவாரம்னா ஒரு மொறை இருக்கு.”

“காயில் கூலி உங்க ரேட்டுதான் நானும் வாங்குறேன். ஒரு பைசா கொறச்சனா? யாரையும் கேட்டுப் பாருங்க. அது யாவாரம், அதுல மொறை தப்ப மாட்டேன். இது யாவாரம் இல்லண்ணே. இதுல வந்து ரேட்டு சொல்லாதீக.”

அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அந்த வாரமே கம்பிக் கடையில் எங்களுக்கு ஸ்டாக் இல்லை என்றார்கள். கேட்கப் போன அக்காவின் கண்ணெதிரே, கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் கம்பி ரீல்கள் அடுக்கியிருந்தன. “அந்தாளு பொய்யக்கூட நல்லாச் சொல்லப் பழகல” என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். ஆனால் செம்புக் கம்பி இல்லாமல் காயில் கடை இல்லை. காத்திருந்த மோட்டார்கள் கடைக்குள் சேர்ந்துகொண்டே போயின.

அதற்குப் பிறகு மதுரைக்குப் போய்க் கம்பி வாங்கி வந்தோம். சாக்குப் பையில் ரீல்களைப் போட்டு, பஸ்ஸில் கால்மாட்டில் வைத்துக்கொண்டு வருவோம். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு. பெரும்பாலும் நானும் போவேன், கம்பியின் கனத்தையும் எனாமல் பூச்சையும் பார்த்து வாங்க. அக்காவின் கணுக்கால்கள் சாயங்காலம் வீங்கிக் கிடக்கும். டீக்கடையில் புத்தி சொன்னார்கள். என் அப்பா சொன்னார். மோட்டார் மேல் வாடகை இவ்வளவு என்று ஒரு போர்டு தொங்கவிட்டால் நாளைக்கே கம்பி வீடு தேடி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நானும் ஒருநாள் கேட்டேன்.

“பேருக்கு ஒரு வாடகை வச்சா என்னக்கா? வாங்கக்கூட வேணாம்.”

“பேருக்கு வச்சா அது பேருக்கு நிக்காது டிப்ளமா. போர்டப் பாத்ததும் இல்லாதவ ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுருவா. கத்திரிச் செடி நம்ம போர்டப் படிச்சுட்டா காயுது?”

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. கால்மாட்டில் சரிந்த பையை நிமிர்த்தி வைத்தேன்.

மறு கோடையில் மாத்து மோட்டார் போனது. ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி உள்ளே போகிற ஓர் ஊர்க்காரர் வாங்கிப் போயிருந்தார். நாள் கடந்தும் வரவில்லை. எங்கள் கடையில் காயில் சுற்றும் அண்ணன் அந்த வழியாக ஒரு விசேஷத்துக்குப் போனவர், விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

“வீடு பூட்டிக் கெடக்குக்கா. குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாகளாம். மோட்டார பழைய இரும்புக்குப் போட்டுட்டாராம்.”

“கெணறு வத்திருச்சா?” இதுதான் அக்கா முதலில் கேட்டது.

“அடியில சேறுதான் இருக்குன்னாக.”

“நாசமாப் போறவன். சொல்லிட்டு வித்திருக்கலாம்ல. நல்ல வெலைக்கு வித்துக் குடுத்திருப்பேன். இரும்புக் கடைக்காரன் அவன ஏமாத்தியிருப்பான்.”

அப்படிச் சொன்னாரே தவிர, அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. எங்கள் எல்லாரையும் எதற்கெடுத்தாலும் திட்டினார். மோட்டார் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது, அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். அவருக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். வலித்தது. தெருவில் சிரித்தார்கள். என் அப்பா வீட்டில், “இப்பவாச்சும் புத்தி வந்துச்சா உங்கக்காவுக்கு?” என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. இனி ஏதாவது ஈடு வாங்காமல் கொடுப்பாரா? கொடுக்க வேண்டுமா?

சில வாரம் அந்த இடம் காலியாகவே இருந்தது. கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவார், நான்தான் சொன்னேன். பிறகு ஒருநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து காயில் இல்லாத வெறும் மோட்டார் கூடு ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு வந்து இறக்கினார்.

“ஏ டிப்ளமா, இத நீயே முழுசாக் கட்டு.”

மதுரைக் கம்பியில் நான்தான் கட்டினேன். கூட்டுக்குள் காயில் உட்காரும் பள்ளங்களைப் பார்த்துச் சுற்று எண்ணிக்கை கணக்குப் போட்டது நான், சுற்றியது நான், சோதித்தது நான். சனிக்கிழமை அந்த வேலைக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தார். இது மாத்து மோட்டாருக்குத்தானே, வேண்டாம் அக்கா என்றேன்.

“குடுக்குறது நான். நீ எதுக்கு எங்கூட சேந்து குடுக்கணும்? உனக்காத் தோணுனா உன் கைக்காசுல குடு. நான் சொல்லி நீ குடுத்தா அதுக்குப் பேரு வேற. புடி.”

நீலப் பெயின்ட் அடித்து, அது காய்ந்த காலையில் அதை வாசலோரம் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. உண்மையாகவே அக்கறை இருந்தது என்றுகூட எனக்குத் தோன்றியது.

“பட்டது போதும்மா. வாடகை போடச் சொல்லல. ஈடா எதையாச்சும் வாங்கி வச்சுக்க. தோடோ, மூக்குத்தியோ, சைக்கிளோ. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே உனக்குக் கம்பி இங்கயே கிடைக்கும். மதுரைக்கு அலைய வேணாம். நான் பேசிட்டேன்.”

அக்கா பதில் சொல்வதற்குள் வாசலில் ஓர் இளைஞர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். புதுச் சைக்கிள். கம்பிகளில் சுற்றிய பாலிதீன் இன்னும் பிரிக்கப்படவில்லை. கல்யாணத்தில் வந்ததாக இருக்கும். உள்ளே வராமல் தன் ஊரின் பெயரைச் சொன்னார். திருப்பூருக்குப் போனவரின் ஊர்.

காயில் அண்ணன் கையிலிருந்த மரச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“தெரியும்கா” என்றார் அந்த இளைஞர். “எங்க ஊர்க்காரரு பண்ணுன காரியத்துக்கு இங்க வந்து நிக்கவே கூசுது. மல்லி அரும்பு விட்டு நிக்கிது, தண்ணி இல்லாட்டி கொட்டிரும். உங்கள நான் நம்பச் சொல்லல. இந்தச் சைக்கிள வச்சுக்கங்க. மோட்டாரு திரும்பி வந்த பெறகு எடுத்துக்கிறேன்.”

“பாத்தியா” என்றார் தலைவர். “நீ கேக்கவே இல்ல. அவனாவே குடுக்குறான். வாங்கிக்கம்மா. இதுல உனக்கு என்ன பாவம்?”

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்று நானும் மனதுக்குள் சொன்னேன். நான் கட்டிய காயில் அது.

அக்கா டின்னிலிருந்து எழுந்து போய்ச் சைக்கிளைப் பார்த்தார். பின்னால் கேரியரை இரண்டு கையாலும் அழுத்தினார்.

“தாங்குமா?”

“எதுக்குக்கா?”

“மோட்டாருக்குத்தான்.”

“தாங்கும்கா.”

“அப்ப வச்சுக் கட்டு. சைக்கிள இங்க விட்டுட்டு மோட்டாரத் தலையிலயா தூக்கிட்டுப் போவே?”

இளைஞருக்குப் புரியவில்லை. தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப ஈடு?”

“ரெண்டு ஃபேஸ்ல ஓட்டாத. அம்புட்டுத்தான். ஏ டிப்ளமா, ஒரு பக்கம் புடி.”

நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கேரியரில் வைத்தோம். கயிறு போதவில்லை. அக்கா உள்ளே போய் இன்னொரு கயிறு கொண்டு வந்து தானே இழுத்து முடிச்சுப் போட்டார். அந்த இளைஞர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தார். “போய்யா, வெயில் ஏறுது” என்று அக்கா அனுப்பினார்.

“அந்த ஊருக்கேவா?” என்றார் தலைவர். கோபமாகச் சொல்லவில்லை. நம்ப முடியாமல் சொன்னார்.

“மல்லி அந்த ஊர்லதானண்ணே இருக்கு. டீ சாப்புடுறீகளா?”

அவர் டீ சாப்பிடாமல் போனார்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மோட்டார் திரும்பி வந்ததா? இப்போது நான் வேலை பார்க்கும் மில்லில் கேட்டார்கள், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். எனக்குப் பதில் தெரியும், சொல்ல மாட்டேன். வந்தது என்றால் பரவாயில்லை, விவரமான பொம்பளைதான் என்பீர்கள். வரவில்லை என்றால் பழைய பேச்சையே மறுபடி பேசுவீர்கள். இரண்டுமே வரவு பார்த்துச் சொல்கிற தீர்ப்பு. அக்கா அந்தக் கணக்கிலேயே இல்லாத ஆள்.

அன்றைக்குச் சைக்கிள் இன்னும் ரோட்டு முனையைத் தாண்டவில்லை. கயிறு அவிழாமல் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏ டிப்ளமா, அங்க என்ன பார்வை? மதுரை பஸ்ஸுக்கு நேரமாச்சு. சாக்குப் பைய எடு.”